நாற்பது நிமிட வேலை

ஹம்தானின் சிவப்பு வண்டி சென்னையிலிருந்து கப்பலில் தீவுக்கு வந்து இறங்கிய வாரம், அதைப் பார்க்கவே சிப்பிகாட் சாலையில் சிவஞானத்தின் ஒர்க்ஷாப்புக்கு ஆட்கள் வந்துபோனார்கள். இரண்டே கதவு, தரையோடு தரையாகக் கிடக்கும் ஸ்போர்ட்ஸ் கார். இருபத்திரண்டு வருஷமாக ஜீப்பும் பிக்கப்பும் பார்த்துச் சலித்திருந்த சிவஞானத்துக்கு பானெட்டைத் திறக்கும்போதே கை பரபரத்தது.

"இன்ஜின் பக்காண்ணே. கியர்தான் பேஜார்," என்றான் ஹம்தான். அபர்தீன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் நூர்முகம்மதுவின் ஒரே மகன். "கூழ் கிண்டுற மாதிரி இருக்கு. எந்த கியர்ல விழுந்துச்சுன்னே மாலூம் ஆகல."

அதற்கு மாற்றாக அவனே மெயின்லேண்டிலிருந்து சாமான் வரவழைத்திருந்தான். குட்டையான லீவர், உள்ளங்கையில் கனமாக உட்காரும் இரும்புக் குமிழ், ரப்பருக்குப் பதிலாகக் கெட்டியான புஷ்கள். சிவஞானம் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து மாட்டினார். ஒன்றே ஒன்றுதான் பொருந்தவில்லை. அந்த வண்டியில் முதல் கியருக்கு ஒட்டினாற்போல் இடப்புறம் ரிவர்ஸ். கை தவறி அதில் விழாமலிருக்க, குமிழுக்குக் கீழே, லீவரைச் சுற்றிய குழலின் தலையில் ஒரு வளையம் உண்டு. அதை விரலால் தூக்கினால்தான் ரிவர்ஸ் வழிவிடும். லீவர் குட்டையானதும் வளையத்தின் குழல் நீளமாகி இடித்தது.

"குட்டைக் குழல் தனியா விக்கிறான் தம்பி. ஆர்டர் போடு. அடுத்த கப்பல்ல வந்துரும்."

"அதுவரைக்கும் வண்டிய நிறுத்தி வைக்கவா? வளையம் இல்லாமலே மாட்டுங்கண்ணே. எனக்குத் தெரியாதா எது ஃபர்ஸ்ட், எது ரிவர்ஸுன்னு?"

வேண்டாம் என்று சொல்லத்தான் சிவஞானம் வாயெடுத்தார். ஆனால் லீவரைப் பிடித்து இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளிப் பார்த்திருந்தார். மணிக்கட்டு அசைந்தால் போதும், பூட்டில் சாவி திரும்புவதுபோல் விழுந்தது. அதைச் சாலையில் ஓட்டிப் பார்க்கும் ஆசை அவருக்கும் இருந்தது. வளையத்தை மேசை டிராயரில் போட்டுவிட்டு, டெய்ரி ஃபார்ம் ஏற்றம் வரை இருவருமாக ஓட்டிவிட்டு வந்தார்கள். சிரித்த முகத்தோடு வந்தார்கள்.

பதினோராம் நாள், ஞாயிறு காலை, ஹம்தான் தன் தாய் ஜைனபை அக்கரையில் பேம்பூ ஃப்ளாட் என்ற ஊரிலிருக்கும் சின்னம்மா வீட்டுக்கு அழைத்துப் போனான். சாத்தம் ஜெட்டியில் காரோடு, வண்டி ஏற்றும் போட்டில் ஏறினார்கள். அக்கரை நெருங்கியதும், நடந்தே இறங்கிக்கொள்கிறேன் என்று ஜைனப் காரைவிட்டு இறங்கி, பின்னால் நின்ற தண்ணீர் லாரிக்கு முன்னால் ஒதுங்கி நின்றார். கரைக்குப் பலகை இறங்கியது. போட்காரர் கையசைத்தார். முன்னால் போக வேண்டிய கார் பின்னால் பாய்ந்தது. லாரிக்கும் காருக்கும் நடுவில் அகப்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சேதி வந்தபோது சிவஞானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவக்கூடத் தோன்றாமல் எழுந்து நின்றார். "யாருக்கு என்ன?" என்று கேட்ட மனைவி சுகுணாவிடம் போனை நீட்டினார்.

சாயங்காலம் போலீஸ்காரர்கள் அந்தக் காரை இழுத்துவந்து அவருடைய ஒர்க்ஷாப்பிலேயே நிறுத்தினார்கள். ஸ்டேஷனில் இடமில்லை. மறுநாள் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து பரிசோதிப்பார், அதுவரை யாரும் தொடக் கூடாது என்றார்கள். காவலுக்கு விட்டுப்போன கான்ஸ்டபிள் காலை ஆறு மணிக்கு டீ குடிக்கப் போனார். தீவில் அப்போதே வெயில் ஏறிவிட்டிருந்தது.

சிவஞானம் டிராயரைத் திறந்தார். அந்தப் பழைய குழலை வைஸில் பிடித்து, ஹேக்ஸா பிளேடால் விரற்கடை அளவு அறுத்தார். அரம் போட்டு விளிம்பைத் தேய்த்தார். வளையத்தோடு லீவரில் செருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது. ரிவர்ஸுக்குத் தள்ளினார், விழவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. கப்பலும் வேண்டாம், ஆர்டரும் வேண்டாம். அன்றைக்கே செய்திருக்கலாம். அறுக்கலாமே என்றுகூடத் தோன்றவில்லை. ஓட்டிப் பார்க்கும் அவசரம்.

பின்னாலிருந்த வீட்டிலிருந்து சுகுணா டம்ளரோடு வந்து நின்றாள். குழலில் ஒட்டியிருந்த அரத்தூளைப் பார்த்தாள். "இது இப்படியே இருந்தா யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அப்ப பழி அந்தப் பையன் தலையில முழுசா விழும்."

அவர் வளையத்தைக் கழற்றினார்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து லீவரை ஆட்டிப் பார்த்தார். "ரிவர்ஸ் லாக் கஹான் ஹை?" எங்கே அது என்று கேட்டார்.

சிவஞானம் வளையத்தை நீட்டினார். கழற்றியது, இன்று காலை மறைக்கப் பார்த்தது, இரண்டையும் இந்தியிலேயே ஒன்றுவிடாமல் சொன்னார். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். மத்தியானம் ஒர்க்ஷாப்புக்கு சீல் விழுந்தது.

மூன்றாம் நாள் சிவஞானம் குட்வில் எஸ்டேட்டிலிருந்த நூர்முகம்மதுவின் வீட்டுக்குப் போனார். பெரியவர் நாற்காலியைக் காட்டவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இந்தச் சேதிய எங்கிட்ட முந்தியே சொல்லியிருந்தா அவள அந்த வண்டியில ஏத்தியிருப்பனா? போங்க. உள்ள இருக்கான். அவங்கிட்ட சொல்லுங்க. மூணு நாளா பச்சத் தண்ணி குடிக்கல."

ஹம்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் மனைவி ஜஸ்னா காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, தப்பு என்னோடது. அந்தக் குழல ஒரு விரக்கடை அறுத்திருந்தா போதும். நான் செய்யல."

அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "அம்மா பின்னாடி நின்னத மிரர்ல பாத்தேன்ணே. நாமதான் முன்னாடி போகப்போறமேன்னு விட்டேன்."

ஜஸ்னா, "போயிருங்கண்ணே," என்றாள்.

வழக்கு இருவர் மேலும் நடக்கிறது. ஒர்க்ஷாப் திறக்கப்படவில்லை. சிவஞானம் தெற்கே கடைசித் தீவில், கேம்பல் பேயில் ரோடு போடும் கான்ட்ராக்டர் ஒருவரிடம் டிப்பர் லாரிகளைப் பார்த்துக்கொள்கிறார். கப்பல் கிடைக்கும்போது வந்துபோகிறார். ஹம்தான் கடைக்கு ஆட்டோவில்தான் போகிறானாம், டிரைவருக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். போன வாரம் சுகுணா போனில் சொன்னாள். சிவஞானம் "ம்" என்று கேட்டுக்கொண்டே, புறப்படவிருந்த டிப்பருக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று போய்ப் பார்த்தார்.