வேர் பிடிக்காத மக்னோலியா

திம்புள்ளைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியபோது, அதுவரை மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மரியநாயகத்துக்கு அங்கே பூந்தோட்ட வேலை கிடைத்தது. ஹோட்டல் முதலாளி கொழும்பில் இருந்தார். புல்வெளியின் ஓரத்தில் பூக்கும் பெரிய மரம் ஒன்று நிற்க வேண்டும், வருகிறவர்கள் அதனடியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக மெஷின் கொண்டுவந்து, சரிவில் மண்ணைக் கொட்டிப் புல்வெளியை அகலமாக்கினார்கள். வேறெங்கோ வளர்ந்திருந்த மக்னோலியா மரம் ஒன்றை வேரோடு கொண்டுவந்து அந்தப் புது மண்ணில்தான் நட்டார்கள். அதற்குக் கீழே தேயிலை. தேயிலைக்குக் கீழே பணிய லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். மரியநாயகமும் அவர் மனைவி சிசிலியும் இருந்தது அந்த லயத்தில்தான்.

வளர்ந்த மரத்தை இடம் மாற்றினால் அது பிழைப்பது பார்க்கிறவர் கையில் இருக்கிறது. மரியநாயகம் அதைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். வேரோடு வந்த மண்ணுருண்டையான வேர்க்கட்டைச் சுற்றியிருந்த சாக்கை அவிழ்த்து, பக்கத்து மண்ணை மிதித்து இறுக்கிவிடாமல் நிரப்பினார். அடிமரத்தைச் சுற்றிக் காய்ந்த புல்லைப் பரப்பினார். காற்றில் சாயாதிருக்க மூன்று பக்கமும் முளையடித்துக் கம்பி கட்டினார். மரம் கொஞ்சம் அசைந்தால்தான் வேர் மண்ணைப் பிடிக்கும் என்று கம்பிகளைத் தளர்வாகவே விட்டார். மழை இல்லாத மாதம். காலையில் குழாயைத் திறந்து அடியில் வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்ப்பார். எவ்வளவு நேரம் விட்டாலும் தண்ணீர் தேங்காமல் உள்ளே போய்விடும். நல்ல மண் என்று சந்தோஷப்பட்டார்.

மேட்டுப் பக்கத்துக் கம்பி இறுகத் தொடங்கியது அதற்குப் பிறகு. தளர்த்திவிட்டுப் போவார், இரண்டொரு நாளில் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நிற்கும். மரமோ நேராகத்தான் நின்றது. அடியில் மேட்டுப் பக்கமாக மண் வெடித்து ஒரு கோடு விழுந்திருந்தது. வேர்க்கட்டு காய்ந்து சுருங்குகிறது என்று நினைத்து, கூடையில் மண் அள்ளிவந்து அந்த வெடிப்பை நிரப்பினார். தண்ணீரையும் கூட்டினார். வெடிப்பு மறுபடி திறந்தது. மறுபடி நிரப்பினார். புல்லுக்கடியில் அது இரண்டு பக்கமும் நீண்டுகொண்டு போனதை அவர் பார்க்கவில்லை. அவர் கவலையெல்லாம் மரத்தைப் பற்றியதாக இருந்தது. புது இலைகளின் நுனி கருகத் தொடங்கியதும் சோறுகூட இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது சிசிலி, மலை ஊற்று வந்து விழும் பீலியில் பிடித்த குடத்தைக் காட்டினாள். உள்ளே செந்நிறக் கலங்கல்.

"பீலித் தண்ணி ஒரு கிழமையா இப்புடித்தாங்க வருது. மழையே இல்ல, எப்புடிங்க கலங்கும்?"

மரியநாயகம் குடத்துக்குள் விரலை விட்டு அடியிலிருந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார். மலையடியில் எப்போதும் இருக்கும் கருமண் இல்லை. மரத்தடியில் அவரே கொட்டி நிரப்பிய மண்ணின் நிறம். கோயிலுக்குப் போகாமல் மேலே ஏறினார்.

ஹோட்டல் மேனேஜர் கஜேந்திரன் ஹட்டன்காரர், வயதில் சின்னவர். இருவரும் சேர்ந்து மரத்தடியில் புல்லை உரித்துப் பார்த்தார்கள். வெடிப்பு மரத்தோடு நிற்கவில்லை. புல்வெளியின் குறுக்கே வளைந்து ஓடி, வேலியையும் தாண்டித் தேயிலைக்குள் போனது. கஜேந்திரன் கையிலிருந்த கம்பை உள்ளே விட்டார். கம்பு முழுவதும் போயிற்று. அவர் கீழே தெரிந்த லயத்துக் கூரைகளைப் பார்த்தார்.

"அண்ணே, சாயிறது மரமில்ல, இந்தச் சரிவே எறங்குது," என்றார். "கீழ இருக்கிறவங்களக் கெளப்புங்க. நான் கவர்மெண்டு ஆபீசுகளுக்குப் போன் பண்றேன்."

அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. கஜேந்திரன் ஹோட்டல் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். மரியநாயகம் லயத்தில் வீடு வீடாக, காம்பரா காம்பராவாகக் கதவைத் தட்டினார். சிலர் சிரித்தார்கள். சிலர் அடுப்பில் சோறு வேகிறது, வெந்ததும் வருகிறோம் என்றார்கள். சிசிலி யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை; பக்கத்துக் காம்பராவுக்குள் புகுந்து, அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்து, வீட்டுக்காரியின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் அசைந்தார்கள். எல்லோரும் தோட்டத்துப் பள்ளிக்கூட ஹோலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கடைசிக் காம்பரா ராசம்மா எப்போது திரும்பிப் போனாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கொட்டிலில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிடப் போயிருக்கிறாள். அவளுடைய மாடு, கயிறு தரையில் இழுபட, நனைந்துகொண்டு பள்ளிக்கூட ரோட்டில் தனியாக வந்தது. மரியநாயகம் அதைக் கண்டதும் வெளியே ஓடினார். கஜேந்திரன் பின்னாலேயே ஓடி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்போதுதான் மேலே மலை உறுமியது. பெரிய லொறி ஒன்று கல்லைக் கொட்டுவது போன்ற சத்தம். அது நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

சேறு அடங்கியபின் போய்ப் பார்த்தபோது லயத்தில் பாதிதான் இருந்தது. ராசம்மாவின் காம்பரா இருந்த இடத்தில் மக்னோலியா நின்றது. சரிந்துகூட விழவில்லை. நட்ட மாதிரியே நேராக நின்றது; கீழ்ப்பக்கத்துக் கம்பிகள் இரண்டும் முளைகளோடு அப்படியே இருந்தன. மரியநாயகம் மரத்தை நிமிர்ந்து பார்க்காமல் மற்றவர்களோடு சேர்ந்து மண்ணை வெட்டினார். ராசம்மாவை மறுநாள் எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்தபின் கஜேந்திரன் ஹோலுக்கு வந்தார். மரத்தை எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியுமா, மரியநாயகம் வந்து பார்ப்பாரா என்று முதலாளி கேட்டதாகவும், தான் வேலையை விட்டுவிட்டதாகவும் தாழ்ந்த குரலில் சொன்னார். மரியநாயகம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க சார் அந்த வெடிப்ப மூடினேன்," என்றார். "கூடை கூடையா அள்ளிப் போட்டேன்."

சிசிலி தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து புருஷனின் கையில் வைத்து, விரல்களை அதைச் சுற்றி மடித்துவிட்டாள்.

மழை விடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் சரிவுதான். காலையில் வந்து பார்த்த அதிகாரிகள் அங்கே மண்ணில் குச்சிகளை நட்டு, நூல் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எதற்கென்று கேட்டதற்கு, மண் நகர்கிறதா என்று பார்க்கத்தான் என்றார்கள். மத்தியானம் மழை வலுத்தபோது ஹோலில் இருந்தவர்கள் மேட்டுப் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.