ஈவா கம்பைல் செய்த வீடு

கிளமெண்டியில் பதினோராவது மாடி வீடொன்றில், ஈவா தன் கணினிக்கு வேண்டாம் என்று சொன்னவை மறுநாள் வீட்டிலும் இருப்பதில்லை. மற்றவர்களைப் போல ஆயத்தமான இயங்குதளத்தை அவள் போட்டுக்கொள்ள மாட்டாள். மூலநிரலை இறக்கி, எது வேண்டும் எது வேண்டாம் என்று அது கேட்கும் ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கும் பதில் கொடுத்து, தானே கம்பைல் செய்து இயங்குதளமாக்குவாள். பிரிண்டர் வேண்டாம் என்றாள். மேசைமேல் அது இருந்த இடத்தில் தூசிச் சதுரம் மட்டும் மிஞ்சியது. புளூடூத் வேண்டாம் என்றாள். பக்கத்து வீட்டு முகைதீனின் கரோக்கே பாட்டு ஈவாவின் வாசலோடு நின்றுவிட்டது.

“ரெடிமேடா கிடைக்குது லா, எதுக்கு இந்தப் பாடு?” என்றான் கணவன் கீத்.

“யாரோ அடுக்கி வச்ச வீட்ல நீ இருப்பியா? உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்.”

ஒலி வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். அதனால் முப்பத்தொரு வயதில், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து அவள் இறந்த பிறகும், அவளுடைய வீட்டுச் செருப்பின் சத்தம் சமையலறைக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தது. செருப்பு அலமாரியில்தான் இருந்தது. கீத் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தான். எட்டு மாதத்தில் பதினான்கு கிலோ இளைத்தான். ஈவாவின் அம்மா பிரிஜட் ஞாயிறுதோறும் பூசை முடிந்து செம்பவாங்கிலிருந்து ரயிலேறி வந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

ஜூனில் கீத் விடுப்பு எடுத்து, சத்தத்தை நீக்குவதற்காக மூலநிரலை இறக்கினான். கேள்விகளை அவள் படித்ததுபோலவே ஒன்று விடாமல் படித்தான். மூன்றாம் நாள் பசித்தது. ஐந்தாம் நாள் அவளுடைய பிடிவாதம் புரிந்தது. அவனைக் கேட்காமல் எதுவும் உள்ளே போகவில்லை. கேட்காமல் நடந்த ஒரு சாவுக்குப் பிறகு அது பெரிய மரியாதையாக இருந்தது.

ஞாயிறு மதியம் திரையில் ஈவாவின் நடை வேண்டுமா என்ற கேள்வி வந்தது. பிரிஜட் பின்னால் நின்றிருந்தார்.

“நோ போட்றாதீங்க மாப்பிள்ளை.”

“என்னால முடியல அத்தை.”

“தெரியுது. ஆளே பாதியாயிட்டீங்க. எனக்கு மட்டும் வேற என்ன இருக்கு?”

இயந்திரம் காத்திருந்தது. சில கேள்விகளுக்கு மூன்றாவது விடையும் உண்டு: தனியாக வைத்திரு, தேவைப்படும்போது ஏற்று, பிறகு இறக்கிவிடு. இந்தக் கேள்விக்கும் அது இருந்தது. கீத் அதைக் கொடுத்தான்.

நாலு மணி நேரம் கம்பைல் ஓடி முடிந்ததும் வீடு அமைதியானது. பிரிஜட் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கீத் நடையை ஏற்ற ஒரு வரி தட்டினான். செருப்புச் சத்தம் சமையலறையிலிருந்து கிளம்பி அவர் நாற்காலிவரை வந்தது. தேநீர் ஆறும்வரை அவர் கேட்டார்.

“போதும். அவளும் ரெஸ்ட் எடுக்கட்டும்.”

கீத் இன்னொரு வரி தட்டினான்.

திங்கள் காலை லிஃப்டில் கீழ்வீட்டு மங்களம் கேட்டார்: “நேத்து சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் ஈவா நடந்தாளா? அப்புறம் சத்தமே இல்லையே.”

“இனிமே ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ஆன்ட்டி.”

“நல்லது லா. மத்த நாள் மத்தியானம் நான் தூங்கிக்குவேன்,” என்றபடி மங்களம் தரைத்தளத்துக்கான பட்டனை அழுத்தினார்.