வெள்ளை பென்ஸின் முதல் ஓட்டம்

சாவியைத் திருப்பினான் ஜெபசீலன். ஸ்டார்ட்டர் சுழன்றது. ஆறு சிலிண்டரும் மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றினவே தவிர, ஒன்றாவது பற்ற வேண்டுமே? ம்ஹூம்.

"என்னவே, கிரைண்டர்ல மாவாட்டுத மாதிரி சத்தம் மட்டும் வருது. தோசை எப்ப வரும்?" என்றார் ரோச்.

"வந்துரும் அண்ணாச்சி. அம்பது வருஷ வண்டி. இத்தனை நாள் ஊசி போட்டு வளர்த்த பிள்ளையை டம்ளர்ல குடிக்கச் சொல்லுதோம். பழகணும்லா?"

ரோச் சிரித்தார். பல் தெரியாத சிரிப்பு.

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் பழைய கிடங்கு அது. சங்கு மூட்டை அடுக்கிய காலத்து வாடை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. நடுவில் அந்த வெள்ளை பென்ஸ். ரோச்சுக்கு இரண்டு தோணிகளும் ஒரு கப்பல் ஏஜென்சியும் உண்டு. அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய இடங்களுக்கு மனுவேல் இருந்தான். தோணியில் பாய் இழுத்துத் திரண்ட தோள்களோடு கதவோரம் நின்றிருந்தான். கதவு உள்பக்கமாகப் பூட்டியிருந்தது.

இந்தக் கார் பிறந்தபோது பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் பம்ப் இருந்தது. அது இறுகிப்போய்விட்டது. புதுசு வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும். ரோச்சோ அவசரத்தில் இருந்தார். துபாயில் ஒருவருக்கு வண்டியை விற்றாயிற்றாம். அதனால் இன்ஜெக்‌ஷனைக் கழற்றிக் கடாசிவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து வந்த இரட்டைக் கார்ப்பரேட்டர்களைப் பூட்டியிருந்தான் ஜெபசீலன். சாயர்புரத்தில் ஷெட் வைத்திருக்கும் அவனை இதற்கென்று தேடிப் பிடித்து வரவழைத்திருந்தார்கள். தூத்துக்குடியில் மெக்கானிக்குக்கா பஞ்சம்? முதல் நாளே அவனுக்கு அது உறுத்தியது. கிராக்கி வரும்போது யார்தான் கேள்வி கேட்பார்கள்?

"இன்னைக்குச் சாயங்காலம் கன்டெய்னர் யார்டு கேட்டை மூடிருவான்" என்றார் ரோச். "ஓடுற வண்டின்னு எழுதிக் கொடுத்திருக்கு. அங்கன ஓட்டிக் காட்டி ஏத்தணும்."

"ஓடலேன்னா?"

ரோச் மூலையைப் பார்த்தார். அங்கே இரண்டு சிலிண்டர்களோடு கேஸ் கட்டர் நின்றிருந்தது. நேற்று அது அங்கே இல்லை.

"ஓடலேன்னா மனுவேல் துண்டு துண்டா நறுக்கி இரும்புக் கடைக்கு அனுப்பிருவான். எனக்கு இந்த இடம் காலியாகணும். அம்புட்டுத்தான்."

வேடிக்கையாகத்தான் சொல்கிறார் என்று ஜெபசீலன் சிரித்து வைத்தான். மனுவேல் சிரிக்கவில்லை.

பெட்ரோல் குழாயில் கசிவு இருக்கிறதா பார்ப்போம் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு, மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். குழாய் சரியாகத்தான் இருந்தது. வெளிச்சத்தை முன்பக்கம் திருப்பினான். பம்பருக்குப் பின்னால், சேஸிஸ் மடிப்பில் ஏதோ மினுங்கியது.

உப்பு.

சும்மா கடல் காற்றில் படியும் வெள்ளைப் பூச்சு அல்ல. கற்கண்டு கற்கண்டாக, லேசாகச் சிவப்பேறிய கல் உப்பு. உப்பளத்துப் பாத்தியில் தண்ணீர் முற்றிச் சிவந்த பிறகு விளைகிற உப்பு.

'ரெண்டாயிரத்து இருபத்து மூணு டிசம்பர் வெள்ளத்துல மூழ்கின வண்டி, அன்னையிலேர்ந்து அசையலை' என்று சொல்லியிருந்தார் ரோச். அந்த வெள்ளத்தில் குளமெல்லாம் உடைந்து வந்தது நல்ல தண்ணீர். அது உப்பளங்களையே கரைத்துக்கொண்டு போனது. அந்த வெள்ளம் எங்கே உப்பை விளைய வைக்கும்?

டார்ச்சை இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். உப்புக்குள் புதைந்து, இரும்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, விரல் அகலத்துக்கு ஒரு துணிக் கிழிசல். பச்சை நிறம். சேலைக் கரை.

டார்ச்சை அங்கேயே நிறுத்தினான்.

போன மாதம் உப்பள ரோட்டில், விடியுமுன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தேவகனி என்ற பெண்மேல் ஒரு வண்டி ஏறி, அவள் செத்துப்போனாள். அந்த இடத்தில் ரத்தக் கையோடு பிடிபட்டவன் உப்பு லாரி ஓட்டும் டேவிட்சன். 'நான் ஏத்தலை, அவங்களைத் தூக்கத்தான் லாரியை நிறுத்தினேன். முன்னால போன கார்தான் அடிச்சுட்டு, உப்பு ஓடைக்குள்ள இறங்கி, ஏறி ஓடிச்சு' என்று கத்திக் கத்திச் சொன்னான். இருட்டில் என்ன கார், என்ன நம்பர் என்று சொல்லத் தெரியவில்லை. அடி விழுந்தது. இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

அந்த டேவிட்சன் வேறு யாருமல்ல, ஜெபசீலனின் தங்கை ஷெர்லின் புருஷன்.

கடற்கரையில் யாருக்கு யார் சம்பந்தி என்று ரோச் தூக்கத்திலும் சொல்லுவார். ஊருக்குள் தன்னைத் தெரிந்தவன் வேண்டாம் என்றுதான் கடலோரத்தை விட்டுத் தள்ளியிருக்கும் உள்நாட்டு மெக்கானிக்காகப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். உள்நாட்டானுக்கும் சொந்தபந்தம் இருக்கும் என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டார்.

கிழிசலை நோக்கி நீண்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான் ஜெபசீலன். எடுத்தால் அது வெறும் கந்தல். வண்டியோடு இருந்தால்தான் சாட்சி.

ஆனால் வண்டி இருக்குமா? ஸ்டார்ட் ஆனால் கப்பலேறிப் போய்விடும். ஆகாவிட்டால் கட்டர் தின்றுவிடும். எப்படிப் போனாலும் டேவிட்சன் உள்ளேதான்.

"ஏலே, உள்ளயே தூங்கிட்டியா?" மனுவேலின் செருப்புக்கால்கள் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"வாரேன் அண்ணாச்சி, நட்டு ஒண்ணு கழண்டு கெடந்துச்சு."

வெளியே வந்தான். வைகாசிப் புழுக்கம் போதாதென்று முதுகில் தனியாக ஒரு வேர்வை ஓடியது. 'இந்த வண்டி வாசலைத் தாண்டணும். நாலு பேர் பார்க்கிற இடத்துல போய் நிக்கணும்.' அதற்கு முதலில் அது உயிர் பெற வேண்டும்.

அவன் இதுவரை எத்தனையோ எஞ்சின்களை எழுப்பியிருக்கிறான். ஜெயிலில் இருக்கும் ஒருவனுக்காக எதையும் எழுப்பியதில்லை.

பிளக் ஒன்றைக் கழற்றிப் பார்த்தான். நனைந்திருந்தது. பெட்ரோல் வருகிறது, நேரம்தான் தப்பு. இன்ஜெக்‌ஷனுக்கு வைத்திருந்த கணக்கிலேயே நெருப்புப் பொறி விழுந்துகொண்டிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பினான். சாவி.

டுமீல்!

கார்ப்பரேட்டர் வாய் வழியாக நீலமாக ஒரு நாக்கு நீண்டு, சட்டென்று உள்ளே போனது.

"யம்மா, மாதாவே!" என்று இரண்டடி பின்னால் குதித்தான் மனுவேல்.

"பயப்படாதீங்க, தும்முது. உசிரு இருக்குன்னு அர்த்தம்."

இன்னொரு மயிரிழை. கார்ப்பரேட்டரைத் தாங்கும் குழாயின் அடியில் காற்று உறிஞ்சுகிற சன்னமான சீட்டிச் சத்தத்தைக் காது பிடித்துவிட்டது. அந்த நட்டுகளை இறுக்கினான். சோக்கை இழுத்து, ஆக்ஸிலரேட்டரை ஒரே ஒரு மிதி. சாவி.

ஒரு இருமல். இரண்டு. மூன்றாவது இருமலில் ஆறும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ள, கிடங்கு முழுக்க அதிர்ந்தது. கூரையிலிருந்து இரண்டு புறாக்கள் பதறிப் பறந்தன.

ரோச் எழுந்து வந்து பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவினார்.

"கெட்டிக்காரன்வே நீ. சரி, இறங்கு. நான் ஓட்டிக்கிடுதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. எஞ்சின் சூடாகுற வரைக்கும் சோக்கைக் கையில பிடிச்சுக்கிட்டே ஓட்டணும். பழக்கமில்லாதவங்க தொட்டா நடுரோட்டுல நின்னுரும். யார்டு வரைக்கும் நானே விட்டுடுதேன்."

ரோச் அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு முன்சீட்டில் ஏறினார். மனுவேல் கதவைத் திறந்துவிட்டு, வண்டி வெளியே வந்ததும் பூட்டிவிட்டு, பின்சீட்டில் ஏறினான். ஜெபசீலனுக்கு நேர் பின்னால்.

கடற்கரைச் சாலை. வலப்பக்கம் திரும்பினால் துறைமுகம், யார்டு. இடப்பக்கம் ஊர்.

"அண்ணாச்சி," என்றான் ஜெபசீலன். "உங்க ஆளுக தோணிக்குப் புது எஞ்சின் வச்சாலும் முதல் ஓட்டம் மாதா கோயில் பக்கமாத்தான் விடுவாங்க. இதுக்கு வேண்டாமா?"

"நீ சி.எஸ்.ஐ. சபைக்காரன்தானே? உனக்கு எதுக்குவே மாதா?"

"நான் கும்பிட மாட்டேன். ஆனா நாளைக்கு வண்டி நடுவழியில மக்கர் பண்ணுச்சுன்னா, மாதாவைப் பார்க்காம எடுத்தான் மெக்கானிக்குன்னு பழி என் தலையிலதானே விடியும்?"

"நேரமில்லை. வலப்பக்கம் ஒடி."

அப்போதுதான் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, வேண்டாம்," என்றான் மனுவேல். அவன் கை கழுத்துச் சிலுவையைப் பிடித்திருந்தது. "கடல் தாண்டிப் போற வண்டி. மாதா முகத்தைக் காட்டாம எங்கப்பன் ஒரு தடவை தோணி எடுத்தாரு. தோணியும் வரலை, அவரும் வரலை. ஒரு நிமிசம் வாசல்ல நிறுத்திட்டுப் போயிருவோம். ஏற்கெனவே இந்த வண்டியில…" என்று சொல்ல வந்தவன் வாயை மூடிக்கொண்டான்.

ரோச்சின் தாடை அசைந்தது. மறுத்துப் பேச அவருக்கும் துணிச்சல் வரவில்லை. அந்தக் கரையில் பிறந்தவர் அவர்.

"வாசல்ல ஒரு நிமிசம். யாரும் இறங்கப்படாது."

இடப்பக்கம் திரும்பியது பென்ஸ். சனிக்கிழமைச் சாயங்காலம், ஜெபத்துக்குப் போகும் கூட்டம் சாலையோரமெல்லாம். ஐஸ் வண்டி, மெழுகுவர்த்திக் கடை, ஷேர் ஆட்டோ. பழைய காரைப் பார்த்ததும் பிள்ளைகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடி வந்தன.

ரோச்சின் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டார். "ம்… ம்… சாயர்புரமா? சரி." வைத்துவிட்டார்.

பிறகு முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"டேவிட்சன் உனக்கு மச்சானாமே?"

ஜெபசீலன் கியரை மாற்றினான். கை மட்டும் தன் வேலையைச் செய்தது. பின்சீட்டில் மனுவேல் முன்னால் சாய்வது மூச்சுக்காற்றிலேயே தெரிந்தது.

"அடியில படுத்து என்ன பார்த்தேன்னு நான் கேட்கலை," என்றார் ரோச். "லாரி டிரைவருக்கு ஜெயில் ஒண்ணும் புதுசில்லை. நல்ல வக்கீல் வச்சுக் கொடுக்கேன். அடுத்த வருஷமே வெளிய வந்துருவான். உன் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராது. நீ யார்டு வரைக்கும் ஓட்டினாப் போதும்."

"ஓட்டலேன்னா அண்ணாச்சி?"

"ஓட்டலேன்னா, ஏற்கெனவே ஒருத்தன் உள்ள இருக்கான். வெளிய இருக்கிற ஒருத்தனுக்கு என்ன வேணும்னாலும் ஆகலாம்."

கோயில் கோபுரங்கள் வெள்ளை வெளேரென்று எதிரே வந்து நின்றன. சாலை நடுவிலேயே பிரேக்கை அழுத்தி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான் ஜெபசீலன்.

மனுவேல் கண்ணை மூடிச் சிலுவை போட்டான். உதடு முணுமுணுத்தது. கண் திறக்க அவனுக்கு நேரமாயிற்று. ரோச்சும் கோபுரத்தைப் பார்த்துக் கை குவித்தார்.

அந்த நேரம் போதும். சூடான எஞ்சின். சோக்கை முழுசாக இழுத்து, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு சேர்த்து மிதித்தான். விட்டான். மிதித்தான். விட்டான். ஒவ்வொரு மிதிக்கும் இரண்டு கார்ப்பரேட்டரும் பெட்ரோலைக் கொட்டின. வாடை மூக்கில் ஏறியது.

"போதும். எடு," என்றார் ரோச்.

சாவியைத் திருப்பினான். வரட் வரட் என்று சுற்றியது. பிளக்குகள் பெட்ரோலில் முங்கிக் கிடந்தன. மாதாவே இறங்கி வந்து தள்ளினாலும் இனி அரை மணி நேரத்துக்குப் பற்றாது.

"எடு!" அவர் குரல் முதன்முறையாக உயர்ந்தது.

"குடிச்சது கூடிப்போச்சு அண்ணாச்சி."

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. கூட்டம் திரண்டது. மனுவேல் ஜெபசீலனின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தான். பத்துப் பதினைந்து செல்போன் கேமராக்கள் கண்ணாடி வழியாக அவனையே பார்த்தன. பிடி தளர்ந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் போக்குவரத்து எஸ்.ஐ. இசக்கிசெல்வி. "யாருப்பா அது, ரோட்டை அடைச்சு ஷூட்டிங் எடுக்கியளா?"

"சின்னக் கோளாறும்மா," என்று இறங்கி வந்தார் ரோச், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "என் ஆளுக இப்ப வந்து இழுத்துட்டுப் போயிருவாங்க."

"உங்க ஆளுக வர்ற வரைக்கும் பஸ்ஸெல்லாம் பறந்தா போகும்?"

ஜெபசீலன் இறங்கினான். சாவியை எஸ்.ஐ.யின் கையில் வைத்தான். 

"மேடம், இதை இவங்க ஆளுக இழுக்க வேண்டாம். ஸ்டேஷனுக்கு இழுங்க. உப்பள ரோட்டுல தேவகனின்னு ஒரு அம்மாவை அடிச்சது இந்த வண்டி. முன் பம்பருக்கு உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க. கையை வைக்காம பாருங்க."

 இசக்கிசெல்வி ரோச்சைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார், சாலையிலேயே ஒரு முழங்கால் ஊன்றிக் குனிந்து டார்ச் அடித்தார். எழுந்ததும் வாக்கிடாக்கியை எடுத்தார்.

மீட்பு வண்டி வந்து கயிறு கட்டியது. இழுபடுகிற காருக்கும் ஸ்டீயரிங் பிடிக்க ஆள் வேண்டும்.

"நானே பிடிக்கேன்," என்று மறுபடி ஏறி உட்கார்ந்தான் ஜெபசீலன். வண்டியை விட்டு ஒரு அடி நகர அவனுக்கு மனமில்லை. நகர்ந்தால் அந்தக் கிழிசல் காணாமல் போகும்.

மனுவேல் கோயில் வாசலிலேயே நின்றான். அவன் ரோச்சின் பக்கத்திலும் போகவில்லை, கூட்டத்தோடும் சேரவில்லை. ரோச் யாரிடமும் கோபப்படவில்லை. சாலையைக் கடந்து, எங்கிருந்தோ வந்து நின்ற கறுப்புக் காரில் ஏறினார். போன் காதில் இருந்தது. யாரையோ "தம்பி" என்று கூப்பிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

எஞ்சின் இல்லாமல், சத்தமில்லாமல் உருண்டது பென்ஸ். கடற்கரை முடிந்து ஊருக்குள் திரும்பும் வளைவில் ஜெபசீலன் கண்ணாடியைப் பார்த்தான்.

கறுப்புக் கார் அவனை முந்தவில்லை. பின்தங்கவும் இல்லை.