இரண்டாவது பொத்தான்

இறந்தவரின் முகம் ரேஷன் கார்டிலிருந்து வந்திருந்தது. தபால் தலையைவிடச் சற்றே பெரிய படம். ஊதா நிற முத்திரையின் வளைவு நெற்றியில் ஏறியிருந்தது. கோகிலவாணி அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கினாள். கன்னத்திலிருந்து கொஞ்சம் தோல் எடுத்து நெற்றியில் வைத்து முத்திரையை மறைத்தாள். பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் தோளில் இருந்த துண்டால் வாயைப் பொத்தியிருந்தார்.

"மீசைய கொஞ்சம் கறுப்பாக்கு தங்கச்சி. அண்ணன் டை அடிப்பாரு."

"சரிண்ணா."

"நாலு மணிக்கு எடுக்கறாங்க. அதுக்குள்ள செவுத்துல ஒட்டணும்."

தலையை மட்டும் வெட்டியெடுத்துத் தனியே வைத்தாள். பிறகு 'சட்டை' என்று பெயரிட்ட கோப்பைத் திறந்தாள். திரையில் ஒரு வெள்ளைச் சட்டை வந்தது. கழுத்து வரை மனிதன், அதற்கு மேலே ஒன்றுமில்லை. தலையை இழுத்துக் கொண்டுவந்து கழுத்தில் பொருத்தினாள். பின்னால் நின்றவர் துண்டை எடுத்துவிட்டு, "அண்ணந்தான்" என்றார்.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டியிருந்த கேசவனின் பிரிண்டிங் கடையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்த எல்லோரும் அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார்கள். முன்பு ஒரு கோட்டு சூட்டு இருந்தது. யாரோ வெள்ளைக்காரனுடையது. சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் கோகிலவாணி தான் படித்த மல்டிமீடியா வகுப்பில் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு போய், அனகாபுத்தூர் வீட்டுச் சுவரோரம் அப்பாவை நிற்க வைத்துப் படம் எடுத்தாள். பொங்கலுக்கு எடுத்த சட்டை. இரண்டாவது பொத்தான் தெறித்துப்போய், அம்மா வேறொரு பழுப்புப் பொத்தானைக் கறுப்பு நூலில் தைத்திருந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கச் சொன்னதும் அப்பா துளசிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலை வேண்டாம் என்பதால் அவள் கவலைப்படவில்லை.

துளசிங்கம் முட்டி போன பிறகு கடலுக்குப் போவதை விட்டவர். கோவளத்திலிருந்து மீன் எடுத்துவந்து சிட்லபாக்கம் தெருக்களில் மொபெட்டில் விற்றார். போகும் வழியெல்லாம் சுவர்களில் தன் தோள்களைப் பார்த்துக்கொண்டே போவார்.

"இன்னா கண்ணு, தாம்பரத்துல சாவுறவன் பூரா என் சட்டையப் போட்டுக்கினுதான் போறான். ஒருத்தனாவது துவச்சிக் குடுத்தானா?"

மாசி மாதம் மஞ்சள் காமாலையில் அவர் போனார். அவருடைய போஸ்டரையும் கோகிலவாணிதான் செய்தாள். அதற்கு எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. பழைய படத்தை அப்படியே எடுத்து, சுவரை மட்டும் நீக்கிவிட்டுக் காலைக் கடலின் நிறத்தைப் பின்னால் விட்டாள். "சிரிக்கிற மாதிரி இருக்கேம்மா" என்றார் கேசவன். அவள் மாற்றவில்லை. கீழே 'இவண்: மனைவி கங்கையம்மாள், மகள் கோகிலவாணி' என்று போட்டாள். அதற்கும் கீழே வழக்கம்போல் கடைப் பெயரும் செல் நம்பரும்.

மல்டிமீடியா படிப்பு முடியும் சமயம். வேளச்சேரியில் ஒரு வெப் டிசைன் கம்பெனி ஆள் எடுப்பதாகவும், காகிதத்தில் கொண்டுபோனால் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்றும் வகுப்பில் சொன்னார்கள். செய்த வேலைகளை இணையத்தில் ஏற்றி, அந்த முகவரியை அனுப்ப வேண்டும். கோகிலவாணியிடம் இருந்த வேலையெல்லாம் கேசவனின் கம்ப்யூட்டரில் இருந்தது.

கேட்டதும் கேசவன் தடை சொல்லவில்லை. "எடுத்துக்கோ. மகேஷ் ஞாயித்துக்கெழம வருவான், சிடி போட்டுத் தரச் சொல்றேன். கடைப் பேரு மட்டும் அதுல வேணாம். நாளைக்கு எவனாவது என் அப்பன் படத்த ஏன்டா போட்டீங்கன்னு எங்கிட்ட வருவான்."

மகேஷ் கேசவனின் அக்கா மகன். அவளோடு அதே வகுப்பில் படித்தான். சிடியை அவளிடம் கொடுக்கும்போது, "எனக்கும் ஒரு காப்பி போட்டுக்கிட்டேன் கோகிலா, ரெஃபரன்ஸுக்கு" என்றான். அவள் சரி என்றாள்.

முப்பத்திரண்டு போஸ்டர்களிலும் கடைப் பெயரையும் நம்பரையும் ஒவ்வொன்றாக அழித்து, அழித்த இடத்தில் பின்னணியை மறுபடி வரைந்தாள். கடை வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் அதற்கே இரண்டு வாரம் ஆயிற்று. பிறகு பல்லாவரம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஏற்ற வேண்டும். ஒரு படம் முக்கால்வாசி ஏறியதும் இணைப்பு அறுந்துபோகும். மறுபடி முதலிலிருந்து. மகேஷ் வீட்டில் பிராட்பேண்ட் இருந்தது.

பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண் ஒன்றை வைத்திருந்தாள். முகவரியை அனுப்பிய பிறகு அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கடைக்குப் போகும்போது பல்லாவரத்தில் இறங்கிப் பார்த்தாள், திரும்பும்போதும் இறங்கிப் பார்த்தாள். பதினான்கு. பதினைந்து. எல்லாம் அவளே வந்து பார்த்தவை. பஸ்ஸில் நின்றபடி கணக்குப் போட்டுப் பார்ப்பாள். நான்காம் நாள் பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது இருந்தது. மறுநாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது.

நேர்காணல் நாளில் கங்கையம்மாள் மீன் வாடை போக எலுமிச்சைத் தோலால் மூன்று முறை கை கழுவிய பிறகுதான் சான்றிதழ் கவரைத் தொட்டாள்.

"அந்த கம்ப்யூட்டர்ல உங்கப்பா வருவாரா?"

"வருவாரும்மா. கடைசியா வச்சிருக்கேன்."

"முன்னால வச்சிருக்கலாம் இல்ல. எதுலயும் அந்தாளு முன்னாடி நின்னதே இல்ல."

கம்பெனியில் சத்யப்ரியா என்ற பெண்தான் கேள்வி கேட்டாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நாற்காலியை இழுத்துப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள். கோகிலவாணியின் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். கடைசிப் படத்தில் நிறுத்தினாள். துளசிங்கம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது எனக்கு ரொம்பப் பிடிச்ச வொர்க். அதான் உங்களை நேர்ல கூப்பிட்டேன்." மவுஸைத் திரும்பக் கையில் எடுத்தாள். "ஆனா இதை நான் ஏற்கெனவே பார்த்துட்டேங்க."

இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். மேலே மகேஷின் பெயர் பெரிய எழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அதே முப்பத்திரண்டு படங்கள். அவன் எதையும் அழித்து வரையவில்லை. ஒவ்வொன்றிலும் கீழ் ஓரத்தை வெட்டி எறிந்திருந்தான். துளசிங்கத்தின் படத்தில் கடைப் பெயரோடு மனைவி பெயரும் மகள் பெயரும் போயிருந்தன.

"இவர் மூணு வாரம் முன்னாடியே அனுப்பிட்டார். திங்கட்கிழமை ஜாயின் பண்ணியாச்சு."

"இது எங்கப்பா மேடம்."

சத்யப்ரியா திரையைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"ரெண்டாவது பட்டன பெருசாக்கிப் பாருங்க. வேற கலர்ல இருக்கும். கறுப்பு நூல். எங்கம்மா தச்சது. மத்த போஸ்டரும் பாருங்க, எல்லாத்துலயும் அந்த பட்டன் இருக்கும்."

சத்யப்ரியா பெரிதாக்கினாள். அரிசி அளவில் பழுப்பாகத் தெரிந்தது. அடுத்த போஸ்டர், அதற்கடுத்தது. ஓய்வுபெற்ற வாத்தியார், லாரி டிரைவர், கவுன்சிலரின் மாமா. எல்லோர் நெஞ்சிலும் அதே இடத்தில் அதே பொத்தான். ஏழெட்டுப் பார்த்த பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"நீங்க சொல்றதை நான் நம்பறேங்க. ஆனா இது சட்டை யாரோடதுன்னுதான் சொல்லுது. டிசைன் யார் பண்ணினதுன்னு சொல்லலையே. ஹெச்.ஆர்ல கேட்பாங்க. கடையிலிருந்து ஒரு லெட்டர், இவங்கதான் செஞ்சாங்கன்னு ரெண்டு வரி, வாங்கிட்டு வாங்க. நான் பேசிப் பார்க்கறேன்."

பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி அந்த இரண்டு வரிகளை மனத்துக்குள் எழுதி எழுதிப் பார்த்தாள். மேடவாக்கம் தாண்டுவதற்குள் நாலு விதமாக எழுதிவிட்டாள்.

கடையில் கேசவன் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும், "சரிடா, நான் பாத்துக்கறேன்" என்று வைத்தார். அவள் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார்.

"இங்க பாரும்மா. நீ நல்லா செய்யறவதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா கடையில செஞ்சது கடையோடது. மகேஷும் இந்தக் கடைப் புள்ளதான். இப்ப நான் லெட்டர் குடுத்தா அவன் பொய் சொன்னான்னு ஆகும். எங்க அக்கா என் மூஞ்சில முழிப்பாளா?"

"எனக்கு வேற எதுவும் இல்ல சார். இதான் இருக்கு."

"ஏன், இங்க வேல இருக்கு இல்ல? உன்னப் போகச் சொன்னேனா?" மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அந்தச் சட்டையில ஒரு பட்டன் ஒரு மாதிரி இருக்காமே. மகேஷ் இப்பதான் போன்ல சொன்னான். அத சரி பண்ணிடு. கஸ்டமர் யாராவது பாத்தா நல்லா இருக்காது."

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். கலைந்த தலை, கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு டிரைவிங் லைசென்ஸ்.

"உள்ள வாம்மா" என்றார் கேசவன். "கோகிலா, இந்தம்மாவ கவனி."

"பேரு இன்னாக்கா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"எனக்கு பொன்னியம்மா. அவருக்கு மாரி."

படத்தை ஸ்கேன் செய்தாள். தலையை வெட்டியெடுத்தாள். 'சட்டை' கோப்பைத் திறந்தாள். கேசவன் எழுந்து வந்து பின்னால் நின்றார். அவள் மூன்றாவது பொத்தானை நூலோடு பிரதி எடுத்து, இரண்டாவதன் மேல் வைத்து, ஓரங்களைத் தேய்த்துக் கலந்தாள். சேமித்தாள். ஐந்து பொத்தான்களும் ஒன்றுபோல இருந்தன. கேசவன் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார்.

மாரியின் தலையைக் கழுத்தில் இறக்கினாள். பொன்னியம்மாள் திரைக்கு அருகே குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"சட்ட நல்லா கீதும்மா. உசுரோட இருக்கசொல்ல இந்த மாதிரி ஒண்ணு போட்டதே இல்ல அவரு. யாருதும்மா இது?"

"கடையோடதுக்கா" என்றாள் கோகிலவாணி. கீழே கடைப் பெயரை அடித்து, அதற்குப் பக்கத்தில் செல் நம்பரைப் போட்டாள்.