மூடிக்குள் ஏழு தேதிகள்

சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரில் கடிகாரம் பழுதுபார்ப்பவள் ஒடீல். பால் வண்டி ஓட்டும் ரெமி இரண்டு கைக்கடிகாரங்களை அவள் மேசையில் வைத்திருந்தான்.

"இது தங்கம், கம்பெனி குடுத்தது. இது சந்தையில வாங்கின மட்டச் சரக்கு. எதும்மா காலத்துக்கும் உழைக்கும்?"

ஒடீல் தங்கக் கடிகாரத்தைத் திறந்தாள். பின்மூடியின் உட்புறம் வழவழவென்று இருந்தது; யாருமே திறந்ததில்லை. மற்றதைத் திறந்தாள். பழுதுபார்ப்பவர்கள் மூடிக்குள் ஊசியால் தேதியைக் கீறிவைப்பது வழக்கம். இதில் ஏழு தேதிகள். நான்காவது அவள் கையெழுத்து, பத்தொன்பது வருடத்துக்கு முந்தையது. பக்கத்திலேயே "இனிச் செலவழிப்பது வீண்" என்றும் கீறியிருந்தாள். அதற்கப்புறமும் மூன்று பேர்!

"எதுக்குய்யா இத்தன தடவ? அந்தக் காசுக்கு நாலு புதுசு வாங்கியிருக்கலாமே!"

"தெரியலம்மா. இது நின்னா கையே வெறுங்கையா தெரியுது, தூக்கிட்டு ஓடி வந்துடுறேன். தங்கம் நின்னு எத்தன நாளாச்சுன்னே தெரியாது."

ஒடீல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தங்கத்தில் ஒரு குறையும் இல்லை. மட்டச் சரக்கில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமே இல்லை. அப்புறம் அதில் என்னதான் இருக்கிறது?

மட்டச் சரக்கைச் சரிசெய்து ஓடவிட்டு, எட்டாவது தேதியைக் கீற ஊசியை எடுத்தாள். இடமில்லை. தன் பழைய வரியின் மேலேயே கீறினாள்.