சராசரி முப்பத்தைந்து நிமிஷம்

மேனேஜர் கஸ்பார் நீட்டிய தாளில் நான்கு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் அங்கம்மா. மற்ற மூவரும் அவளோடு அதே மேஜையில் சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பவர்கள்.

"இவங்களை இந்த மாசத்தோட வேலையை விட்டு நிறுத்திடலாம். கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு, இனிமே என்னை யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. நீயே சொல்லிடும்மா, உன்கிட்டதான் அவங்க பேசுவாங்க" என்றார்.

ஃப்ளோரா தாளை வாங்கிக்கொண்டாள். கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

எழுபத்து நாலாம் வருஷம் அது. திருவொற்றியூரில் இருந்த அந்தக் கம்பெனியின் சட்டைகள் அந்த ஆண்டு இரண்டு முறை கப்பலைத் தவறவிட்டிருந்தன. எங்கே தாமதம் என்று கண்டுபிடிக்க முதலாளி, தாமோதரன் என்ற இன்ஜினீயரை அழைத்துவந்தார். முப்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். ஆறு வருஷம் மிஷினில் உட்கார்ந்து தைத்த ஃப்ளோரா எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் என்று தெரிந்ததும் அவள் கையில் ஒரு ஸ்டாப்வாட்சைக் கொடுத்தார். சாயப் பட்டறையிலிருந்து துணி வருவது முதல் பெட்டி ஹார்பருக்குக் கிளம்புவது வரை, எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுத வேண்டும். "இதே கம்பெனியை கம்ப்யூட்டருக்குள்ள ஓட்டிப் பாக்கப் போறோம். ஆறு மாச வேலையை அது பத்து நிமிஷத்துல ஓட்டிக் காட்டும். அங்க தப்பு நடந்தா யாருக்கும் நஷ்டமில்ல" என்று அவர் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. பதினான்கு நாள் எழுதினாள். ஊசி உடைந்தது, கரண்ட் போனது, நூல் சிக்கியது, எதையும் விடவில்லை. கல்மண்டபத்து வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பும்போதும் மனசுக்குள் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கம்மாதான் கிண்டல் செய்வாள்: "நான் தும்மினா அதியும் எழுதிக்குவியாமே?"

அந்த அங்கம்மாவிடம் போய் எப்படிச் சொல்வது? புயலில் கட்டுமரம் உடைந்ததிலிருந்து அவள் சம்பளத்தில்தான் குப்பத்து வீட்டில் ஐந்து பேர் சாப்பிடுகிறார்கள். ஃப்ளோரா காலர் மேஜைப் பக்கம் போகவில்லை. தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, மாடியில் தாமோதரன் உட்கார்ந்திருந்த அறைக்குப் போனாள்.

"காலர் மேஜையில இன்னா சார் தப்பு?"

அவர் மடிப்பு மடிப்பாக இருந்த நீளமான தாளை விரித்தார். மற்ற மேஜைகளில் இரண்டு கட்டு, மூன்று கட்டு துணி காத்திருந்தால், காலர் மேஜையில் நாற்பது கட்டு காத்திருக்கிறது. அங்கேதான் எல்லாம் தேங்குகிறது.

"சாயப் பட்டறை லாரி லேட்டா வந்தா மொத்தமா வந்து, நேரம் புடிக்கிற காலர் வேலையிலதான் குவியுது சார். அத்த தச்சித் தள்ளறதுக்குள்ள அடுத்த நாள் துணி வந்துடுது. அவங்க கை ஸ்லோ இல்ல. வழியில ரயில்வே கேட்டு மூடி லாரி நிக்கறத நான் எழுதிக் குடுத்தேனே?"

"அதைச் சேத்திருக்கேம்மா. கேட்ல லாரி சராசரியா முப்பத்தஞ்சு நிமிஷம் நிக்குது. தினமும் முப்பத்தஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கேன். அந்தத் தாமதத்துக்கு இவ்வளவு குவியாது, அதனால கைதான் ஸ்லோன்னு கம்ப்யூட்டர் காட்டுது."

ஃப்ளோராவுக்குச் சுரீரென்றது. தன் நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். ஒன்பது நாள் லாரி நிற்கவே இல்லை. மற்ற ஐந்து நாள், ஹார்பர் கூட்ஸ் வண்டிகளுக்காக கேட் மூடி, தொண்ணூறு, நூற்றுப் பத்து, எழுபத்தைந்து, நூற்றிருபது, தொண்ணூற்றைந்து.

"பதினாலு நாள்ல ஒரு நாள்கூட முப்பத்தஞ்சு நிமிஷம் நிக்கல சார். இல்லாத நாளை வெச்சி எப்டி சார் ஓட்டுனீங்க?"

தாமோதரன் அந்தப் பக்கத்தில் விரலை ஓட்டி எண்களைக் கூட்டிப் பார்த்தார். காது மடல்கள் சிவந்துவிட்டன. "தப்புதான்" என்றார். கம்ப்யூட்டருக்கு எண்களைக் கொடுக்கும் அட்டைகளில் மறுபடி ஓட்டை போட வேண்டும், வெளியே வாடகைக்கு எடுக்கும் கம்ப்யூட்டரில் அவருக்கு முறை அடுத்த வியாழக்கிழமைதான் என்றார். ஒரு வாரம் பொறுக்கும்படி கஸ்பாரிடம் அவரே போய்க் கேட்டார்.

 அந்த ஒரு வாரமும் அங்கம்மா எதிரே வந்தால் ஃப்ளோரா வேறு பக்கம் பார்த்தாள். "இன்னாமே, பேஜார் புட்ச்ச மாதிரி கீற?" என்று அவள் கேட்டதற்கு, தலைவலி என்றாள். தான் எழுதிய எண்கள் தன்னிடமிருந்து கிளம்பி, யாரோ ஒருவர் மேஜையில் வேறு ஆளாகிவிட்ட மாதிரி எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தாமோதரன் புதிய தாளோடு சிரித்தபடியே வந்து, ஃப்ளோராவையும் கூட்டிக்கொண்டு மாடியில் கஸ்பாரின் அறைக்குப் போனார். காலர் மேஜையில் குற்றமில்லை. எந்த மேஜையிலும் இல்லை. ஒரு நாள் துணியை முன்கூட்டியே வாங்கிக் கம்பெனியில் வைத்துக்கொண்டால் போதும், கேட் மூடினாலும் கப்பல் தவறாது. கஸ்பார் அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

"துணி இல்லாம ஆளுங்க சும்மா உக்காந்திருக்கிற நேரம், வாரத்துக்கு மூணு மணி நேரத்துக்கு மேலயா?"

"ஆமா சார். அதுக்குத்தான் துணியை முன்னாடியே..."

"வைக்க இடம் ஏது? அது இருக்கட்டும். நாலு பேரை நிறுத்த வேணாம். துணி வராத நேரத்துக்கு எல்லாரையும் வெளிய அனுப்பிடலாம். உள்ள இருக்கிற நேரத்துக்கு மட்டும் சம்பளம். இவ்வளவு தெளிவா யாருமே இதை எனக்குச் சொன்னதில்ல."

"நான் அதுக்காகச் சொல்லல சார்" என்றார் தாமோதரன். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"உள்ள ஒக்காந்துகினு காத்திருக்கிறதும் வேலதான் சார்!" ஃப்ளோரா கத்திவிட்டாள். கீழே மிஷின் சத்தம் ஒரு கணம் குறைந்து மறுபடி எழுந்தது. கஸ்பார் கோபப்படவில்லை. "நீ எழுதினதுதானேம்மா" என்றார், பாராட்டுவது போல.

திங்கட்கிழமை பத்தரை மணிக்குள் துணி தீர்ந்தது. லாரி வரவில்லை. வாட்ச்மேன் மணி அடிக்க, முப்பத்திரண்டு பெண்கள் வரிசையாக வெளியே வந்து ரோட்டோரம் மதில் சுவரை ஒட்டி உட்கார்ந்தார்கள். மணலிக்குப் போகும் டேங்கர் லாரிகள் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போயின. ஃப்ளோராவின் சம்பளம் மாதச் சம்பளம். அவள் உள்ளேயே இருக்கலாம். சற்று நேரம் கதவருகே நின்றாள். பிறகு வந்து அங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நான்கு பெயர்களையும், பதினான்கு நாளையும், எல்லாவற்றையும் சொன்னாள்.

 சொல்லி முடித்ததும் அங்கம்மா, "எங்க நாலு பேர அனுப்ச்சிருந்தா உள்ள கீறவங்களுக்காவது முழு சம்பளம் வந்திருக்கும்" என்றாள். அவள் குரலில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று ஃப்ளோராவுக்குப் பிடிபடவில்லை.

வெயில் ஏறியது. மதில் நிழல் ஒரு முழமாகக் குறைந்திருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக முழங்காலை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். அங்கம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அப்படியும் ஃப்ளோராவின் பாதங்கள் வெயிலில்தான் இருந்தன.