ஐந்தாவது வகைச் சருகு

1
இந்தக் கதை ஒரு காப்பிக் கெட்டிலிலிருந்து வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 'பின்லாந்தின் சதுப்புக் காட்டில், காலத்தின் மௌனம்...' என்றுதான் தொடங்கினேன். (அடித்துவிட்டேன். மௌனமாவது! காது நிறையக் கொசு.)

2
சைமி மூன்று கோடையாக அந்த ஊசியிலைக் காட்டின் தரைச் சருகை அள்ளி ஆய்வேடு எழுதுகிறாள். நூற்றிருபது இடங்கள். ஈரம், புளிப்பு, நைட்ரஜன் எல்லாம் அளந்து கணினியிடம் கொடுத்தாள். ஒன்றுபோல் இருப்பவற்றை அது கூட்டம் கூட்டமாகப் பிரித்தது. நான்கு வகை, எல்லாரும் அறிந்தவை. ஐந்தாவது, எவரும் அறியாதது. கறுப்பு, பொடிப்பொடியானது, நைட்ரஜன் கொழுத்தது. ஒன்பதே இடங்களில் கிடைத்தது.

பேராசிரியர் தோர்ஸ்தி அதற்குத் தன் குடும்பப் பெயரையே சூட்டினார்.* அது இல்லையென்றால் சைமியின் ஆய்வேட்டில் புதிதாக ஒன்றுமில்லை.

*அடக்கம் கருதி, சிறிய எழுத்தில்.

3
இங்கே சைமிமேல் எனக்கே ஐயம். இவ்வளவு கெட்டிக்காரி அந்த ஒன்பது இடங்களின் ஒற்றுமையைக் கவனிக்காமலா இருந்தாள்? ஆனால் காப்பி குடித்த இடத்தை யார் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள்? சருகு அள்ளக் கூடவே வரும் தோர்ஸ்திக்கு உட்கார உலர்ந்த அடிக்கட்டை வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் ஒன்பது. அங்கெல்லாம் தீ மூட்டி, காப்பி கொதிக்கவைத்துக் குடித்து, கெட்டிலின் அடியில் தங்கிய மண்டியைப் பாசியில் கொட்டினார்கள். நேற்று நுண்ணோக்கியில் ஐந்தாவது வகையின் துகள் ஒன்று அவளுக்குப் பழகிய முகமாகத் தெரிந்தது: காப்பித்தூள்.

4
முடிவு ஒன்று: அவள் சொல்கிறாள், அவர் கண்கலங்கி... (தோர்ஸ்தியா? நம்ப மாட்டீர்கள்.)
முடிவு இரண்டு: மறைத்துவிட்டு முனைவராகி... (அவள் சம்மதிக்கவில்லை.)

5
நடந்தது இவ்வளவுதான். இன்று காலை காரிலேயே அவள் ஆரம்பித்தாள்.

"தோர்ஸ்தி, அஞ்சாவது வகையப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"காப்பிக்கு அப்புறம் சொல்லேன்."

பிறகு, புது வகையைப் பார்க்க வந்த எட்டு வெளியூர் நிபுணர்கள் ரப்பர் பூட்சோடு அடிக்கட்டையைச் சுற்றி நின்றார்கள். பனியுகம் முடிந்ததிலிருந்து காடு பத்தாயிரம் ஆண்டு பாடுபட்டு இந்த வகையை உண்டாக்கியதாகத் தோர்ஸ்தி விளக்கினார். எல்லாரும் குனிந்து, ஒரு சிட்டிகை எடுத்து, மரியாதையாக முகர்ந்தார்கள். காப்பியும் முடிந்தது.

சைமி கெட்டிலைத் தூக்கினாள். எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்: "மண்டிய எங்க கொட்டட்டும்?"

"இதென்ன கேள்வி? எப்பவும் கொட்டுற இடத்துலதான். இங்கயே கொட்டு."

எட்டு மூக்குகளும் மறுபடி விரல் நுனிக்குப் போயின.

சைமிக்கு மனம் லேசாக இருந்தது. நாலு வகையும் நல்ல வகைதான். கெட்டில் சாய்ந்திருக்கிறது, மண்டி அதன் மூக்குவரை வந்துவிட்டது. என் வேலை முடிந்தது. பிடியுங்கள், கைப்பிடி சுடும்.